மூன்று தொட்டியும் ஏழு திணையும்: மியூனிக் தமிழ் மாணவர் குடியேற்றம் குறித்த ஆராய்ச்சி

ஆய்வுச் சிக்கல்

முதுகலை படிக்க ஜெர்மனிக்குப் போன பிள்ளை "செட்டில் ஆயிட்டானா?" என்ற வினா திருச்சியிலும் திருநெல்வேலியிலும் வாரந்தோறும் எழுப்பப்படுகிறது. "ஆயிட்டேம்மா" என்பது வழக்கமான விடை. இதை எந்த ஆராய்ச்சியாளரும் சான்றாகக் கொள்ளார். வீடியோ அழைப்பு அறையின் ஒரு சுவரை மட்டுமே காட்டும். எதிர்ச் சுவரோரம் பிரிக்காத பெட்டி கிடக்கும். ஆகவே, ஒருவர் புதிய நகரில் குடியேறிவிட்டார் என்பதை எதனால் அறிவது என்பது முறையாக ஆராயத் தக்கது. குப்பையால் அறியலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பிறர் மதம் களைதல்

முகவரிப் பதிவே குடியேற்றம் என்பார் ஒரு சாரார். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது ஜெர்மானியச் சட்டம். வீட்டுக்காரர் கையொப்பமிட்ட சீட்டும் வேண்டும். இம்மதம் பொருந்தாது. அச்சீட்டு ஒருவர் எங்கே உறங்குகிறார் என்பதைச் சொல்லும். உறக்கம் வருகிறதா என்பதைச் சொல்லாது.

பணமே குடியேற்றம் என்பார் மற்றொரு சாரார். 2024 செப்டம்பர் முதல், விசா கேட்கும் மாணவர் முடக்கக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் கைக்கு வரும். தன் காசைத் தானே தவணையில் பெறுபவரைக் குடியேறியவர் என்பதைவிட, செலவுக்குக் கை நீட்டும் மகன் என்பதே பொருத்தம்.

சாம்பார் வைத்துவிட்டால் குடியேற்றம் என்பார் மூன்றாம் சாரார். இவர்கள் தாளிப்பதை அறிவார்கள். சன்னல் சாத்திய குளிர்காலத்தில் தாளிப்பதை அறியார்கள். நடைவழியில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி காய்ந்த மிளகாயை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. மேலும், சாம்பார் வைப்பவர் வந்த ஊரில் காலூன்றவில்லை. விட்டு வந்த ஊரைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்.

ஆய்வு முறை

அகத்திணையில் தலைவன் தலைவியர் பெயர் சுட்டப்படார் என்பது மரபு. குப்பை அதனினும் அகம். ஆகவே இங்கும் பெயர்கள் தவிர்க்கப்படுகின்றன. முதன்மைச் சான்றுகள்: தொட்டி மூடிகளில் ஒட்டிய படங்கள், பொதுச் சமையலறையின் பிரிட்ஜ் கதவில் ஆச்சரியக்குறிகளோடு எழுதப்பட்ட சீட்டுகள், மூத்த மாணவர்களின் வாய்மொழி.

நிலப் பகுப்பு

மியூனிக் வீடுகளின் முற்றத்தில் நெடுநாளாக நிற்பவை மூன்று தொட்டிகளே. காகிதத்துக்கு நீலம், உணவுக் கழிவுக்குப் பழுப்பு, எதிலும் சேராததற்குக் கறுப்பு. பிளாஸ்டிக், தகர டப்பா, கண்ணாடி ஆகியவற்றைப் பெரும்பாலான பகுதிகளில் தெருமுனைக் கொள்கலன்களுக்கு அவரவரே சுமந்து போக வேண்டும். அக்கொள்கலன் கூட்டத்தை நகராட்சி 'தீவு' என்றே குறிக்கிறது. தொட்டி மூன்றாயினும் ஒழுக்கம் ஏழு. அவை வருமாறு.

குறிஞ்சி. கறுப்புத் தொட்டி. உரிப்பொருள் புணர்தல், சேரக் கூடாதவை எல்லாம் இங்கே சேர்கின்றன. சிறுபொழுது யாமம். எதை எதில் போடுவது என்று தெரியாத புதிய மாணவர், அக்கம்பக்கம் பார்த்து, நள்ளிரவில் மொத்தப் பையையும் இதில் இறக்கிவிட்டு விரைந்து நீங்குவார். களவொழுக்கம் என்பது இதுவே.

முல்லை. பிளாஸ்டிக் உறைகள். உரிப்பொருள் இருத்தல். தயிர் டப்பா, பால் பெட்டி, அரிசிப் பை ஆகியவை சமையலறைத் தொட்டியின் அடியில் குவிந்து, தீவுக்குச் சுமந்து போகும் ஒருவருக்காகக் காத்திருக்கும். நால்வர் குடியிருக்கும் வீட்டில் அந்த ஒருவர் வருவதாகச் சொன்ன பருவம் கடந்துவிடுவதே வழக்கம்.

மருதம். பழுப்புத் தொட்டி. வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்பதால் இதற்கு இப்பெயர் மிகப் பொருந்தும். நகரின் உணவுக் கழிவு ஃப்ரைமான் பகுதியில் நொதிக்க வைக்கப்பட்டு, மின்சாரமும் மண்ணுமாக மாறுகிறது. அம்மண் 'மியூனிக் மண்' என்ற பெயரில் பூந்தொட்டிகளுக்கு விற்கப்படுகிறது. பெரிய மாணவர் குடியிருப்பு ஒன்றும் அதே ஃப்ரைமானில்தான் இருக்கிறது. வாழைக்காய்த் தோல் வெகுதூரம் போவதில்லை என்க. உரிப்பொருள் ஊடல். மக்கும் பிளாஸ்டிக் பை என்று எழுதியிருந்தாலும் அந்தப் பையைத் தொட்டிக்குள் போடக் கூடாது. செய்தித்தாளில்தான் சுற்ற வேண்டும். சுற்றாமல் கொட்டியவர் யார் என்ற ஊடல் வைகறையில் தொடங்கும்.

நெய்தல். கண்ணாடிக் கொள்கலன். கண்ணாடி மணலிலிருந்து பிறப்பதால் இது நெய்தல் ஆயிற்று. வெள்ளை, பச்சை, பழுப்பு என நிறம் பிரித்துப் போட வேண்டும். நீலப் பாட்டில் பச்சையோடு சேரும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடக் கூடாது. உடையும் சத்தம் ஊர் அமைதியைக் கெடுக்கும். ஆகவே பொழுது சாய்வதற்குள் போட்டாக வேண்டும். நெய்தலுக்குரிய சிறுபொழுதும் அதுவே. உரிப்பொருள் இரங்கல். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆவக்காய் ஊறுகாய் தீர்ந்து, பாட்டிலைக் கழுவி, மூடியைத் தனியே கழற்றி, வெள்ளைத் துளைக்குள் விட்டதும் உள்ளே எழும் ஓசையை இதற்குச் சான்றாகக் கொள்க.

பாலை. பாலைக்குத் தனி நிலம் இல்லை என்பது தொல்காப்பியம் அறிந்தார்க்குத் தெரியும். அவ்வாறே வைப்புத்தொகைப் பாட்டிலுக்குத் தொட்டி இல்லை. 2003 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பாட்டில்களுக்கு இத்தொகை கட்டாயமானது. தண்ணீர் வாங்கினால் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலிப் பாட்டிலைக் கடையின் இயந்திரத்தில் நுழைத்தால் அத்தொகை திரும்பும். பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட். உரிப்பொருள் பிரிதல், காசைப் பிரிதல், பிறகு பாட்டிலைப் பிரிதல். தண்ணீர் குடித்ததும் பாட்டிலை நசுக்கும் நல்ல பழக்கத்தோடு வந்தவரை இயந்திரம் ஏற்காது. பட்டைக்கோடு மடங்கிய பாட்டிலைத் திருப்பித் தள்ளிவிடும். தெருவில் காலியான பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே வைத்துவிடுவோர் பலர். அதைச் சேகரித்துப் பிழைப்பவர் குப்பைக்குள் கை விட வேண்டாம் என்பதற்காக. இத்திணையில் அறம் கூறப்படும் இடம் இது ஒன்றே.

கைக்கிளை. நீலத் தொட்டி. எதிர்ச்சொல் பெறாமலே பேசிக்கொண்டிருப்பது கைக்கிளை. முகவரி பதிந்த செய்தி போனதும், பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு மாணவருக்குக் கடிதம் வரும். வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை, வானொலி இல்லை என்பதெல்லாம் விலக்கு ஆகாது. ஏ1 நிலை ஜெர்மன் மட்டுமே அறிந்த மாணவர் இதை விளம்பரம் என்று கருதி நீலத்தில் போடுவார். அடுத்த கடிதம் வரும். அதையும் போடுவார். தாமதக் கட்டணத்தோடு மீண்டும் வரும். இவ்வளவு உறுதியான ஒருதலை அன்பு சங்கப் பாடல்களிலும் அரிது.

பெருந்திணை. பொருந்தாத் தொடர்பு. பால் பெட்டி அட்டைபோல் தோன்றினும் நீலத்துக்கு ஆகாது. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உண்டு. எண்ணெய் ஊறிய பீட்ஸா பெட்டியும் ஆகாது. உடைந்த தண்ணீர் டம்ளர் கண்ணாடியே எனினும் கண்ணாடிக் கொள்கலனுக்கு ஆகாது. பாட்டிலோடு அது ஒரே வெப்பத்தில் உருகாது. கடையில் தரும் வெப்பத்தாள் ரசீது காகிதம் போல் நடிக்கும். பால் பெட்டி முல்லைக்கும் ஏனையவை அனைத்தும் குறிஞ்சிக்கும் உரியன. தயிர் டப்பாவைக் கழுவ வேண்டியதில்லை. கரண்டியால் வழித்தால் போதும். ஆனால் அலுமினிய மூடியை முழுதாகப் பிய்த்துத் தனியே போட வேண்டும். மூத்த மாணவர் ஒருவர் கட்டைவிரல் நகத்தால் அந்த மூடியின் கடைசி ஓரத்தைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த புதிய மாணவி, "அண்ணா, நிஜமாவே இதெல்லாம் பாப்பாங்களா?" என்று கேட்டாள். "ஹவுஸ்மைஸ்டர் பாப்பாரு" என்றார் அவர். ஹவுஸ்மைஸ்டர் என்பவர் கட்டடப் பராமரிப்பாளர். இத்திணைகளில் செவிலித்தாயின் இடம் அவருக்கு உரியது. அவர் அறியாத களவு இல்லை.

முடிவான சான்று

விதிகளை அறிந்தவரே குடியேறியவர் எனின், அதுவும் அன்று. மனப்பாடம் செய்தால் எவரும் அறியலாம். தேற்றமான சான்று பெர்லினில் கிடைத்தது. கோயம்புத்தூரில் ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்த இருவர். ஒருவர் மியூனிக்கிலும் மற்றவர் பெர்லினிலும் சேர்ந்தனர். மியூனிக்காரர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெர்லின் போனார். நண்பர் தேய்ந்துபோன நான்ஸ்டிக் தோசைக்கல்லை மறுசுழற்சித் தொட்டியில் போடப் போனார்.

"டேய், அதுல போடாதடா. அது பேக்கேஜிங் இல்ல."

"இங்க போடலாம் மச்சி."

"மியூனிக்ல நாங்க ரீசைக்ளிங் யார்டுக்குக் கொண்டுபோய்த்தான் குடுப்போம். அதான் சரி."

"சரின்னு உங்க மேயர் சொன்னாரா?"

பெர்லின் நண்பர் சொன்னது பிழையன்று. 2013 முதல் அந்நகரின் தொட்டி உறைகளோடு பழைய வாணலி, பிளாஸ்டிக் பொம்மை ஆகியவற்றையும் ஏற்கிறது. எனினும் வாதம் அரை மணி நேரம் நீண்டது; தோசை மாவு காத்திருந்தது. இங்கே கருதத்தக்கது ஒன்று. பாட்டிலைப் பையில் போட்டுச் சுமப்பது என்ன ஊர் வழக்கம் என்று மியூனிக்கை அதுவரை ஓயாமல் ஏசி வந்தவர் அந்த மியூனிக்காரரே. தன் நகரில் நின்று அந்நகரின் விதியைத் திட்டுவதும், அடுத்த நகரில் நின்று அதே விதிக்காகச் சண்டைக்குப் போவதும் ஒரே ஆளிடம் கூடியிருந்தால் குடியேற்றம் நிறைவுற்றது என்க. பிறந்த ஊருக்கும் நாம் இதையேதான் செய்கிறோம்.

பரிந்துரை

வெளிநாட்டவர் அலுவலகம் ஒவ்வொரு மாணவரின் கையிலும் பழைய தோசைக்கல் ஒன்றைக் கொடுத்து, எங்கே போடுவீர் என்று கேட்கலாம். நாளை நகராட்சி மனமிரங்கி முற்றத்திலேயே மஞ்சள் தொட்டி வைத்தால் சோதனை இன்னும் எளிது. அதைக் கண்டு மகிழ்பவர் புதியவர். "முன்னெல்லாம் நாங்களே சுமந்துட்டுப் போவோம், இப்ப எல்லாருக்கும் சோம்பல்" என்று அலுத்துக்கொள்பவருக்கு வதிவிட அனுமதியை நேர்காணல் இன்றியே நீட்டிக்கலாம்.