சிகிரியாச் சுவரில் பெயர் கீறுதல்: ஓர் உளப்பகுப்பாய்வு

சுவரைக் கண்டால் மனிதக் கை ஏன் சும்மா இருப்பதில்லை? இதற்கு வியன்னாவில் விடை தேடியவர்கள் சிகிரியா இருக்கும் மாத்தளை மாவட்டத்தை எட்டிப் பார்க்காமல் விட்டது அத்துறைக்கு நேர்ந்த நஷ்டம்.

முதலில் அரசியல். ஈடிபஸ் தந்தையை ஆள் தெரியாமல் கொன்றவன். சிகிரியாவை எழுப்பிய அரசன் காசியப்பனுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. பொக்கிஷம் எங்கே என்று தந்தையான மன்னன் தாதுசேனனை நெருக்கினான். கிழவர் கலாவாவியில் இறங்கி, நீரை அள்ளிக் காட்டி, என் சொத்தெல்லாம் இதுதான் என்றாராம். மகன் அவரைச் சுவரோடு வைத்துக் கட்டிவிட்டு 477 முதல் 495 வரை ஆண்டான். தாய்மேல் ஆசை என்ற பிராய்டின் பாகம் மட்டும் இங்கே பொருந்தவில்லை. தாய் அரச குலத்தவளாக இல்லையே என்பதுதான் இவன் குறை. கோட்பாட்டைத் திருத்துவது வியன்னாவின் பொறுப்பு.

அடுத்து அவன் எழுப்பியது, முகம் தெரியும்படி சாந்து பூசி மெருகேற்றிய கண்ணாடிச் சுவர். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 1936இல் மரியன்பாத் மாநாட்டில் கண்ணாடிப் பருவம் பற்றிப் பேச எழுந்து, பாதியிலேயே நிறுத்தப்பட்டார். சிகிரியாவில் எவரையும் யாரும் நிறுத்தவில்லை. மேலே பாறையில் தீட்டிய மங்கையரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், நூற்றாண்டுக் கணக்கில் அச்சுவரில் பாட்டுக் கீறினார்கள். 685 பாடல்களைத் தொல்லியலாளர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். அவற்றில் அடிக்கடி வரும் முறைப்பாடு, இவள் வாய் திறக்கமாட்டேன் என்கிறாளே என்பது. திறந்திருந்தால் இரண்டாவது பாட்டு வந்திராது. லக்கான் பல வருடம் சுற்றிவளைத்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. பெண்களும் எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு அந்த ஓவியப் பெண்கள்மேல் எரிச்சல். ஆய்வாளன் இதை இயல்பென்றே பதிவு செய்கிறான்.

2015இல் ஓர் இளம்பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறினாள். இரண்டு வருடச் சிறைத் தண்டனை. பிறகு ஜனாதிபதியின் மன்னிப்பு. கீறல் ஒன்றுதான் என்றால், இலக்கியம் எந்தத் திகதியில் குற்றமாகிறது?

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் திகதியே தருகிறது: 1815 மார்ச் 2க்கு முற்பட்டதே தொல்பொருள். கண்டி ஒப்பந்தத்தால் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரியணை இழந்த நாள் அது. தந்தை போன பிறகே தடை பிறக்கிறது என்று 1913இல் பிராய்டு வாதிட்டதற்கு இவ்வளவு துல்லியமான சான்று ஐரோப்பாவில் அகப்படாது. ஆக, மார்ச் முதலாம் திகதி இரவுக்குள் கீறி முடித்தவர்கள் எல்லோரும் கவிஞர்கள். மறுநாள் காலை ஆணியோடு வந்தவரைப் பொலிஸார் விசாரிக்கலாம்.