கேள்வி கேட்கும் உரிமை புத்தகத்துக்கு மட்டும்

தென்னிந்தியத் திருச்சபையின் திடப்படுத்தல் வகுப்பில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. ஞானோபதேசப் புத்தகம் முழுக்க வினாவிடைதான். கேட்பவர் போதகர், ஒப்பிப்பது பிள்ளைகள். "நோவா பேழையில டைனோசரை ஏத்தினாரா ஐயா?" என்று 15 வயதுப் பையன் கேட்டுவிட்டால்தான் சிக்கல். பழி செல்போன் மேல் விழும். வீட்டுக்குச் செய்தி போகும். அம்மா உபவாச ஜெபத்துக்கு அவன் பெயரைக் கொடுத்துவிடுவார்.

12 வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேள்வி கேட்டதாக லூக்கா 2ஆம் அதிகாரம் சொல்கிறது. நல்லவேளை, "பாடத்தை முடிக்கணும் தம்பி" என்று அங்கே யாரும் மணி அடிக்கவில்லை. யோபு 3ஆம் அதிகாரத்தில் முறையிடத் தொடங்குகிறார். கடவுள் பேசுவது 38ஆம் அதிகாரத்தில். அத்தனை அதிகாரம் கடவுள் பொறுத்தார். நம்மவர்களுக்கு 38 விநாடி தாங்காது. சந்தேகப்பட்ட தோமாவின் பெயரில் சென்னையில் ஒரு மலையே இருக்கிறது. சந்தேகப்பட்ட பையனுக்கோ கடைசி பெஞ்சு.

"எனக்கும் தெரியலடா, வா, சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்" என்று சொல்ல இறையியல் பட்டம் தேவையில்லை. பட்டம் வாங்கியவர்கள் அதைச் சொல்லத் தயங்குவதற்கு ஒருவேளை அதுவே காரணமாக இருக்கலாம்.