ஆக்கிரமிப்பு செய்த ஆறு

பரவனாறு செய்த குற்றம் சாதாரணமானதல்ல. மத்திய அரசின் பழுப்பு நிலக்கரிக்கு மேலே, யாரிடமும் அனுமதி வாங்காமல், அது காலங்காலமாக ஓடியிருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் பிறந்தது 1956-இல். மரியாதை தெரிந்த ஆறு அன்றைக்கே எழுந்து ஒதுங்கியிருக்கும். இதுவோ பெருமாள் ஏரியை நிரப்ப வேண்டும், வயலுக்குப் பாய வேண்டும், கடலூரில் உப்பனாற்றோடு சேர வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே திரிந்தது.

நெய்வேலி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார் 1930களில் தண்ணீருக்குக் குழாய் இறக்கப்போய்க் கரியைக் கண்டார். நாம் கரிக்குத் தோண்டித் தண்ணீரைத் தொலைத்தோம். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு கிடக்கிறது ஊற்று நீர். இரவு பகலாக இறைத்துத் தள்ளாவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அப்படி இறைத்த தண்ணீர் பரவனாற்றில் விழுகிறது. உடனே, ‘விவசாயத்துக்கு நாங்கள் தண்ணீர் தருகிறோம்’ என்ற பெருமை! நம் காலடியில் இருந்ததை உறிஞ்சி, நம் ஆற்றிலேயே கொட்டிவிட்டு, கைகூப்பி வாங்கிக்கொள் என்கிறார்கள். கூடவே வந்த சுரங்க மண்ணால் பெருமாள் ஏரி தூர்ந்ததே, அது எந்த வள்ளலின் கொடை?

முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் நெய்வேலி வட்டாரத்தில் குழாய் இறக்கினால் தண்ணீர் தானாகப் பொங்கியது. இப்போது நூற்றுக்கணக்கான அடிக்கு போர் போட்டு மோட்டார் இறக்க வேண்டும். மின்சாரம் தயாரிக்கத் தண்ணீரைக் கீழே இறக்கினார்கள். இறங்கிய தண்ணீரை மேலே ஏற்ற அதே மின்சாரம். இந்தச் சாமர்த்தியத்துக்கு ‘நவரத்னா’ என்று பட்டமும் உண்டு. மிச்ச மின்சாரம் கர்நாடகம், கேரளம், ஆந்திரம் என்று ஊர் சுற்றப் போகிறது.

ஆற்றுக்கு வருவோம். இரண்டாம் சுரங்கத்துக்காக அதை நிரந்தரமாக நகர்த்த 12 கிலோமீட்டர் வாய்க்கால். பத்தரை வெட்டியாகியிருந்தது, ஒன்றரைதான் பாக்கி இருந்தது. பாக்கி இருந்த இடத்தில் வளையமாதேவி விவசாயிகளின் நெல் நின்றது. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு நிலக்கரிப் பகுதியை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். டெல்டாவைக் காத்துவிட்டோம் என்று அவரவர் தோளை அவரவரே தட்டிக்கொண்டார்கள். ஜூலை 26 அன்று, அதே சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில், போலீஸ் காவலோடு பொக்லைன்கள் பயிருக்குள் இறங்கின.

இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுத்திருப்பார்கள். கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் சும்மா கிடந்த கரிக்கு இரண்டு மாதம் பொறுக்கவில்லை. கேட்டால், ‘நிலத்தை 2006-2013லேயே எடுத்துவிட்டோம், பயிர் வைத்ததே தப்பு’ என்றது நிர்வாகம். பத்து வருஷம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார விவசாயி என்ன ரியல் எஸ்டேட்காரனா? சோறு போடுகிற மண் சும்மா கிடந்தால் அவனுக்குக் கை அரிக்கும். கோட்டும் டையும் போட்டுக் கூட்ட அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த அரிப்பு வராது.

பிறகு உயர் நீதிமன்றம் அழிந்த பயிருக்காக ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஆற்றின் சார்பில் யாரும் வழக்குப் போடவில்லை; அதற்கு ஆதார் கிடையாது.

முத்தாண்டிக்குப்பத்துப் பலாமரங்கள் இப்போதே காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. வேர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, அரசாங்கக் கரியை எங்கேயாவது தொட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆள் வந்தாலும் வரலாம்.