பொற்றலையும் போலித்தலையும்

எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி எப்போதும் சொதசொதவென்று ஈரம். ரோஜா வைத்தால் வேர் அழுகும். செம்பருத்திகூட இலை பழுத்துக் கொட்டும். "ஈரத்துக்குன்னே ஒண்ணு இருக்கு சார்" என்று நர்சரிக்காரர் கறுப்புப் பையில் ஒரு கொடியைத் தந்தார். மஞ்சள் கரிசலாங்கண்ணியாம். வள்ளலார் தினமும் சாப்பிடச் சொன்ன கீரை, ஒரு தடவை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும் என்றார். கசக்குமா?

நான் நட்ட செடி பிழைத்துவிட்டது என்ற செய்தி தெரு முழுக்கப் பரவியது. செடி அதைவிட வேகமாகப் பரவியது. சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கணுவுக்குக் கணு வேர் விட்டு, கல்லைத் தாண்டி, கிணற்றடியில் கிடந்த ரப்பர் செருப்பின் வாருக்குள் நுழைந்து வெளியே வந்து பூத்தது. காசளவுப் பூ, ஆரஞ்சு கலந்த மஞ்சள், இதழ் நுனியெல்லாம் பல் பல்லாக.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா தலைக்குத் தைலம் காய்ச்ச இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார். (ஆயுசு முழுக்க அதே தைலத்தைத் தேய்த்துக்கொண்ட பெரியப்பாவின் தலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தாவரவியல் வாத்தியார் வந்தார். ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துவதை விடாதவர். ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூணு மடல் இருக்கு, பளபளன்னு இருக்கு, பாருங்க. மஞ்சள் கரிசலாங்கண்ணி, அதான் பொற்றலைக் கையாந்தகரை, அதோட இலை நீளவாக்குல, மடல் இல்லாம, தொட்டா சொரசொரன்னு இருக்கும். இது அமெரிக்க வெப்பமண்டலத்துச் சரக்கு, சிங்கப்பூர் டெய்சி. தின்னுறாதீங்க."

உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆகாயத்தாமரை, உண்ணிச்செடியோடு இதுவும் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து உலகப் பட்டியலில் ஏறிய முதல் ஆள்.

பிடுங்கிப் பார்த்தேன். இது விதையை நம்பிப் பிழைக்கிற ஜாதியில்லை. தண்டில் ஒரு கணு மண்ணில் மிஞ்சினால் போதும். குப்பைமேட்டில் கொட்டியது அங்கேயும் தழைத்தது. நர்சரிக்காரரோ, "கீரை இல்லேன்னா என்ன சார், பூ மஞ்சள்தானே?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பெரியம்மா மட்டும் அசரவில்லை. "மஞ்சளாப் பூக்குது, ஈரத்துல வளருது. இதுல அமெரிக்கா எங்கேர்ந்து வந்துச்சு?" தைலத்தை மட்டும் எங்கள் கெஞ்சலுக்காக நிறுத்தினார். கும்பகோணம் திரும்பும்போது நாலு தண்டை ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டது, பஸ் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது.

நேற்று போன் வந்தது. "பின்கட்டுல நல்லாப் புடிச்சுக்கிச்சுடா. பக்கத்து வீட்டுலயும் கேட்டாங்க, ஆளுக்கு ஒரு கட்டு குடுத்திருக்கேன்."