குடிக்கவும் வைப்போம், குணமும் ஆக்குவோம்

அமெரிக்க ராணுவம் தன் சரக்குகளுக்கெல்லாம் எண் போட்டு வைத்திருக்கிறது. ஐந்து என்றால் வெடிமருந்து. ஏழு, டாங்கி மாதிரியான பெரிய தளவாடம். எட்டு, மருந்து மாத்திரை. இடையில் ஆறு? சோப்பு, பற்பசையோடு 'சொந்தத் தேவைப் பொருள்' என்ற கணக்கில் மதுபானம். முகாம் ஒயின்ஷாப்புக்குப் பெயரே 'கிளாஸ் சிக்ஸ்'. விற்பனை வரி கிடையாது. லாபத்தில் ஒரு பங்கு படைவீரர் நலத்திட்டங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு மடக்கும் தேசத் தொண்டு!

2020 ஜனவரி 1 முதல், பணியால் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் அத்தனை பேருக்கும் ராணுவக் கடைகள் திறந்துவிடப்பட்டன. காலைப் பறிகொடுத்தவனுக்கு மளிகையோடு விஸ்கியும் மலிவு. நன்றிக்கடன் என்றால் இதல்லவோ!

குடித்துக் குடித்து அவன் அடிமையாகிவிட்டால், ஊற்றிக் கொடுத்த அரசே கண்டிக்கக் கிளம்பிவிடும். குடிநோய் 'வேண்டுமென்றே செய்த தீயொழுக்கம்' என்றது முன்னாள் படைவீரர் துறை. குடியிலிருந்து மீண்ட இருவர், பாழாய்ப்போன வருடங்களைக் கழித்துவிட்டுப் படிப்புச் சலுகைக்குக் காலக்கெடுவை நீட்டச் சொன்னார்கள். 1988இல் உச்ச நீதிமன்றம் துறையின் பக்கமே சாய்ந்தது. 1990இல் நாடாளுமன்றமும் தன் பங்குக்கு, குடியால் வந்த ஊனத்துக்கு இழப்பீடு கிடையாது என்று சட்டம் போட்டது. போரில் பட்ட மன அதிர்ச்சிதான் குடிக்க வைத்தது என்று நிரூபித்தால் உண்டு. அதையும் 2001இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லித்தான் துறை கேட்டது.

அப்புறம் ஆராய்ச்சி. 2001இல் முடிவு வெளியான சோதனையில் 627 முன்னாள் வீரர்களுக்குக் குடிநோய்க்கான நல்ட்ரெக்சோன் மாத்திரை கொடுத்தும் வெற்று மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள், வித்தியாசமில்லை. 2005இல், குடியோடு மனநோயும் உள்ள 254 பேரிடம் டைசல்ஃபிராமையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு வாய் குடித்தால் போதும்: முகம் செக்கச்செவேலென்று ஆகி, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி. தனித்தனியாகக் கொடுத்தபோது ஓரளவு பலன் இருந்தது. இரண்டையும் சேர்த்ததில் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கான ப்ராசோசினையும் நல்ட்ரெக்சோனோடு ஜோடி சேர்த்துப் பார்த்தாயிற்று. குடிநோய்க்கும் போர் அதிர்ச்சிக்கும் சேர்த்து மருந்து தேட, பாதுகாப்புத் துறையே பணம் தந்திருக்கிறது. ஆமாம், கடை நடத்துகிற அதே துறைதான்.

ஆய்வாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தோற்றால் தோற்றது என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கதையில் அந்த நாணயம் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரையோடு மாத்திரையைச் சேர்க்கத் தெரிந்த அரசுக்கு, மாத்திரையோடு கடையடைப்பையும் சேர்க்கத் தோன்றவில்லையே! சேர்த்தால் நலத்திட்டத்துக்கு யார் படியளப்பது?

குடித்ததற்காகவே கெட்ட பெயர் எழுதிப் படையிலிருந்து விரட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைக்குப் போனால் முதலில் அந்தப் பணிவிடுப்புக் காகிதத்தைத்தான் கேட்பார்கள். கூட்டு மருந்து கிடக்கட்டும், பலருக்கு ஒற்றை மாத்திரை கொடுப்பதற்கே தகுதி உண்டா என்று விசாரணை நடக்கும்.