'குழப்பமில்லா' இல்லத்துக்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்பிற்குரிய மேனேஜர் சார்,

பொன்முடி அடிவாரத்தில் உங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் எஸ்டேட் பாட்டியின் தங்கை மகன் எழுதுவது. பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். உங்கள் தினப் பதிவேட்டை நேற்றுதான் நிதானமாகப் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

செவ்வாய்: 'ராத்திரி எழுந்து கூடை கேட்டார்.' புதன்: 'பெரட்டுக்கு (எஸ்டேட்டின் காலை ஆளெடுப்புக்கு) நேரமாச்சு என்கிறார். கஞ்சி பாதி.' வியாழன்: 'கஞ்சி வேண்டாம். பகலெல்லாம் தூக்கம்.' மூன்று நாளும் கடைசியில் ஒரே வார்த்தை: 'குழப்பமில்லா.'

மலையாளத்தில் அதற்குப் பிரச்சினை இல்லை என்று பொருள். எனக்குத் தமிழ்ப் புத்தி. தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டு இருபது வருஷம் ஆனவர் நடுராத்திரியில் கூடையைத் தேடினால், சார், அதற்குப் பெயரே குழப்பம்தான்.

சிறுநீரில் தொற்றாம். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலே போகலாம்; புத்தி தடுமாறும், தூக்கம் கூடும், சாப்பாடு இறங்காது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். மூன்றையும் உங்கள் ஆயா சேச்சி தேதி போட்டு எழுதியிருக்கிறார், பாவம். சேச்சி ஆபீசில் சொன்னார். ஆபீஸ் உங்களிடம் சொன்னது. நீங்கள் சனிக்கிழமையிடம் ஒப்படைத்தீர்கள். டாக்டர் வருகிற நாள் அதுதானே? வெள்ளி விடியற்காலையிலேயே நினைவு தப்பியது பெரியம்மாவின் ஒழுங்கீனம். மன்னியுங்கள்.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்றால், நான் இருக்கும் மலைமேலே ரேஞ்ச் இல்லை என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் மாதம் 1-ஆம் தேதி காலை ஒன்பதுக்கு உங்கள் கட்டண நினைவூட்டல் 22 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மூச்சு வாங்காமல் என் போனுக்கு வந்துவிடுகிறது. அதே வண்டியில் பெரியம்மாவின் செய்தியையும் ஏற்றியிருக்கலாம்.

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோருக்கு அரசு அமைக்கும் இல்லங்களைப் பற்றியது. அங்கே தர வேண்டிய சேவைகளில் மருத்துவத்தையும் பொழுதுபோக்கையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் தனியார், இருந்தும் பாதியை மனமுவந்து நிறைவேற்றுகிறீர்கள். ஏழு மணி சீரியல் ஒரு நாளும் தாமதமானதில்லை.

அமெரிக்க நர்சிங் ஹோம்களுக்கு மத்திய அரசு விதியே இருக்கிறது: இருப்பவரின் உடலிலோ மனநிலையிலோ பெரிய மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் கலந்து பேச வேண்டும், அவருடைய பிரதிநிதிக்கும் தெரிவிக்க வேண்டும். மலையாளம் தெரியாதவர்கள். 'குழப்பமில்லா' என்று எழுதி மூடிவைக்கும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை.

என் கோரிக்கை சின்னது. யாரையும் கேட்காமல் டாக்டருக்குப் போன் செய்ய சேச்சிக்கு அனுமதி கொடுங்கள். ரீசார்ஜ் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டணம் பாக்கி வைக்காத ஒருவன்

பின்குறிப்பு: டாக்டரின் நம்பரை டிவி ரிமோட்டின் முதுகில் ஒட்டியிருக்கிறேன். உங்கள் இல்லத்தில் கேட்டவுடன் கைக்குக் கிடைக்கிற பொருள் அது ஒன்றுதான்.