வீட்டுலதானே செய்றீங்க

ஆரணியில் நான் வளர்ந்த தெருவில் பட்டு நூல் இல்லாத வீடு கிடையாது. அந்த நூலில் ஒரு சாண்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. பாவு, ஊடை, ஜரிகை மூன்றையும் முதலாளி எடை போட்டுத்தான் கொடுப்பார். புடவையை அறுத்து மடித்துக் கொண்டுபோனால் மறுபடியும் தராசு. எடை குறைந்தால் கூலியில் பிடிப்பு. அறுந்து விழுந்த ஜரிகைத் துணுக்குக்குக்கூட வீட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. அசல் ஜரிகை என்றால் பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. அந்த வெள்ளிக்காக அதை வாங்கிப்போக ஆள் வருவார். மரப்பாச்சிக்குச் சுற்ற நாலு இழை கேட்டால், "வை கண்ணு, அது எடைக்குப் போகணும்" என்பாள் அம்மா.

இன்றைக்கு அதே தெருவில் பெண்கள் பட்டு நூல் வளையல் செய்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக் வளையலை எடுத்துப் பசை தடவி, பத்துப் பதினைந்து இழையை ஒன்றாகப் பிடித்து, இடைவெளி தெரியாமல் நெருக்கிச் சுற்றி, மேலே கல்லும் மணியும் ஒட்டுகிறார்கள். ஃபேன்சி ஸ்டோரில் சின்னச் சின்னக் கண்டாகத் தொங்கும் அந்த நூலில் பட்டு கிடையாது, செயற்கை இழை. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு ஊரில் போலிப் பட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களே என்று என் அண்ணன் வருத்தப்படுகிறார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்தக் கண்டு, வளையல் சுற்றுகிறவள் தன் காசில் வாங்கியது. மயில் நீலம் வேண்டுமா, அரக்கு வேண்டுமா என்று அவளே முடிவு செய்கிறாள். பிடிக்கவில்லை என்றால் பிரித்துக் குப்பையில் போடலாம், யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டாம். அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை.

எண்பதுகளில் எங்கள் ஊர் வடாற்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் 1989-ல்தான் பிரிந்தது. அப்போது விடியற்காலையில் தெருவை அடைத்துப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். சைக்கிளில் வருகிறவர் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போவார். பழைய பாவு தீர்ந்து புதுப் பாவு வந்தால் அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு, ஒரு நீவல். இப்படி ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறினாலும் புடவை நெடுக ஒரு கோடு விழும். முடிச்சு போடமாட்டாள், முடிச்சு அச்சில் சிக்கும். அந்த முறுக்கு அறுந்து நான் பார்த்ததில்லை. குண்டு பல்பின் கீழே குனிந்தே உட்கார்ந்து அவள் கழுத்து கடைசிவரை நேரானதில்லை. ஆயா கண் மங்கிய பிறகும் ராட்டையில் தார் சுற்றினாள். அப்பா குழித்தறியில். கோர்வைப் புடவை என்றால் கரைக்கும் உடம்புக்கும் தனித்தனி நாடா, மொத்தம் மூன்று. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

இந்த நாலு பேர் உழைப்புக்கும் ஒரே கூலி. புடவைக்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதி, அப்பா பெயரில் வரும். "உங்க வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் அப்பா, "வீட்லதான் இருக்கா" என்பார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2019-20-ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் தார் சுற்றுகிறவர்களையும் பாவு வேலை செய்கிறவர்களையும் துணைத் தொழிலாளர் என்று தனியாக எண்ணினார்கள். நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அம்மா உயிரோடு இல்லை.

பிள்ளைகள் கதை வேறு. 1953-ல் ராஜாஜி ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். நாளில் பாதி பள்ளிக்கூடம், மீதி வீட்டில் தகப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நல்ல காரியம். ஆனால் முப்பது வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் அந்தத் திட்டம் ஆணை எதுவும் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்ததும் தறி, விடிந்தால் பள்ளிக்கு முன்னே தறி. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் நெசவைத் தடைப் பட்டியலில் வைத்தது. குடும்பத்தார் தம் பிள்ளைகளை வைத்துச் செய்யும் பட்டறைக்கு மட்டும் விலக்கு அளித்தது. வாசற்படி தாண்டி உள்ளே நடப்பது வேலையே ஆகாது என்று சட்டமும் எங்கள் ஊரோடு சேர்ந்து சொன்ன மாதிரிதான்.

அண்ணன் பேத்தி சென்னையில் படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் அவளைக் கைவினை வகுப்புக்கு அனுப்பினார்கள், பணம் கட்டித்தான். அட்டைப்பெட்டியை வெட்டி, இரண்டு ஓரத்திலும் பல் போல நறுக்கி, கம்பளி நூலைப் பாவாகக் கோத்து, தடித்த ஊசியால் ஊடை ஓட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிப்பு நெய்திருந்தாள். அண்ணன் அதை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இழுத்துக் கட்டாதே, நடுவுல ஒடுங்குது பாரு" என்று சொல்லிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது, எழுந்து விளையாடப் போனாள். அந்த எழுந்துபோகும் உரிமையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தறியைப் பற்றி அண்ணன் ஒரு பிள்ளையிடம் ஆசையாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். தன் பிள்ளைகளைத் தறிப் பக்கமே வரவிடாமல் வளர்த்தவர் அவர்.

பெண்கள் பொழுதுபோக்காகச் செய்த கைவேலை அப்போதும் இல்லாமல் இல்லை. ஒயர் கூடை பின்னாத வீடு ஏது? தறி வேலை இல்லாத அமாவாசை அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன்கண். சிவன்கண் தெரிந்தவளுக்குத் தெருவில் தனி மரியாதை. கைப்பிடி போடத் தெரியாமல் அடுத்த தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கூடையை விற்பது என்ற நினைப்பே யாருக்கும் வராது. நாத்தனார் கேட்டால் பின்னிக் கொடுப்பது, பதிலுக்கு அவள் ஒரு படி அரிசி வடாம் தருவது. நடுவில் பாலித்தீன் பை வந்து அந்தக் கூடைகளைப் பரணில் ஏற்றியது. 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த பிறகு ஆரணி சந்தையில் மறுபடி ஒயர் கூடை கண்ணில் பட்டது. அதற்கு இப்போது விலை இருக்கிறது.

கூடையைப் போலவே இப்போது விலை வந்திருக்கும் இன்னொரு வீட்டுக் கைவேலை கேக். அது எங்கள் ஊருக்குப் பேக்கரி வழியாகத்தான் வந்தது. வீட்டில் செய்ய முடியும் என்பதே வாரப் பத்திரிகைக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரியும். கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிய குக்கரில் அடியில் மணலைப் பரப்பி, சூடேற்றி, உள்ளே அலுமினியத் தட்டு வைத்து வேகவிட வேண்டும். முட்டை ஆகாத வீடுகளில் தயிரும் சோடா உப்பும். தயிரின் புளிப்பும் சோடா உப்பும் சேரும்போது கிளம்பும் வாயுதான் மாவைத் தூக்கும். கலந்துவிட்டுக் கதை பேசினால் வாயு போய்விடும், கேக் களியாகும். 2020 ஊரடங்கில் இந்தக் குக்கர் கேக்கை ஊரே செய்து பார்த்தது. பாதிப் பேர் அதோடு விட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் ஒருத்தி எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு மருமகள்.

அவள் இப்போது கல்யாண வரவேற்புக்குப் பட்டுப்புடவை கேக் செய்கிறாள். கேக்மேல் சர்க்கரைப் பசையை மெல்லிதாகத் தேய்த்து, மடித்த புடவை மாதிரி அடுக்கி, கரைக்குத் தங்கப் பொடியைத் தூரிகையால் பூச வேண்டும். மே மாதத்து ஆரணி வெயிலில் அந்தப் பசை வேர்த்துப் பிசுபிசுக்கும். சோளமாவைத் தூவித் தூவி, விடியலுக்கு முன்னேயே வேலையை முடிக்கிறாள், பாவுக்குக் கஞ்சி போட்ட அதே நேரத்தில். நான் போயிருந்த அன்று அவள் மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் தறி வீட்டில் உழைத்த கை.

"ஏம்மா, உடம்பு மாம்பழக் கலரு, கரை அரக்கு. முந்திய மட்டும் ஏன் பச்சையா வச்சே? கரை என்ன கலரோ முந்தியும் அதுதான்."

"படத்துல இப்படித்தான் இருக்கு அத்தே."

"படம் போட்டவன் தறியில உக்காந்தானா?"

பிறகு அந்த அம்மாவே பல்குச்சியை வாங்கிக்கொண்டார். கரை ஓரத்தில் தாழம்பூ ரேக்கு, அதற்குள்ளே மயில்கண். பசை காய்வதற்குள் ஒவ்வொரு ரேக்கும் ஒரே உயரத்தில் வரிசையாக எழுந்தது. அளவுகோல் எதுவும் கேட்கவில்லை. பச்சை முந்தியைப் பிய்த்தெடுத்து அரக்கு முந்தி வைத்த பிறகு அது புடவையாகவே ஆகிவிட்டது. நான் சென்னையில் எத்தனையோ கேக் பார்த்திருக்கிறேன். சரியான கோர்வைப் புடவையைக் கேக்கில் பார்த்தது ஆரணியில்தான். அதைச் செய்ய ஆரணிக் கை வேண்டும்.

வாங்க வந்தவர் விலையைக் கேட்டதும் ஆரம்பித்தார். "வீட்டுலதானே செய்றீங்க? கடை விலை சொல்றீங்களே!" எனக்குச் சுருக்கென்றது. அம்மாவை ஒன்றும் செய்யாதவளாக்கிய அதே பேச்சு. வீட்டில் செய்வதற்கு விலை கூடத்தான் வேண்டும். கடையில் டால்டா, இவள் போடுவது வெண்ணெய். அங்கே ஒரே அடுப்பில் ஐம்பது, இங்கே ஒரே ஒரு கேக்குக்கு ஒரு ராத்திரி. உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிந்து, அந்தச் சான்றிதழை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். வாடகை இல்லை என்று வாங்குகிறவர் கழிக்கிறார். கூடத்தில் பாதியை மேசைக்கும் ஓவனுக்கும் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் ஓரமாகப் படுப்பது அவர் கணக்கில் வரவில்லை.

அவள் வாதாடவில்லை. பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள். வெண்ணெய், சர்க்கரை, கரண்டு, அட்டைப்பெட்டி, அதற்கடியில் தன் கூலி மணிக் கணக்கில். கடைசி வரியில் "கரை வேலை - அத்தை" என்று எழுதி ஒரு தொகை. அவர் படித்துவிட்டு முழுப் பணத்தையும் எடுத்து வைத்தார். அவர் போனதும் அவள் கடைசி வரித் தொகையை எண்ணி மாமியார் கையில் கொடுத்தாள்.

அந்த அம்மா நோட்டை மறுபடி எண்ணிப் பார்த்தார். "போன வாரக் கேக்குக்கு மயில்கண்ணு போட்டேனே, அந்தப் பாக்கி எங்கே?" என்றார்.